கடைசிப் பாடமும் முதல் பாடமும்

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதாத நாவலாசிரியர் உலகத்தில் அநேகமாக இருக்கமாட்டார். சுயசரிதை எழுதுகிறவர்களோ பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் தங்கள் கதைக்குள் நுழையவே முடியாது. அவர்கள் எழுதியிருப்பதையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. கணக்கு வகுப்பு பயத்தோடு நின்றுவிடுகிறது. பூகோள வகுப்பு தூக்கத்தோடு நின்றுவிடுகிறது. பாஷை வகுப்பு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஐம்பது வயதிலும் எண்பது வயதிலும் எழுத உட்கார்ந்தவர்களுக்கு, ஏழு வயதில் எந்தச் சொல்லை எந்த உபாத்தியாயர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற வகுப்புகளுக்குக் குழந்தை வெறுங்கையோடு போகிறது. பதினாறாம் வாய்ப்பாடும், சிந்து நதி உற்பத்தியாகும் இடமும் அதற்கு வீட்டில் கிடைத்தவை அல்ல. பாஷை வகுப்புக்கு மட்டும் அது வெறும் வாயோடு போவதில்லை. ஏற்கனவே ஒரு பாஷையை வாயில் வைத்துக்கொண்டுதான் போகிறது. அம்மாவும் பாட்டியும் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்தது அது. அந்த வாய்ப் பேச்சை உபாத்தியாயர் என்ன செய்கிறார், வைத்துக்கொள்ளச் சொல்கிறாரா, வாசலில் துப்பிவிட்டு வரச் சொல்கிறாரா என்பதில்தான் பாஷை வகுப்பின் நாடகம் முழுவதும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதியவர்களில் யார் உண்மையை எழுதினார்கள் என்று பார்ப்பதற்கும் இதுவே நல்ல உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வகையில் உலகப் பிரசித்தி பெற்ற கதை, அல்போன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு ஆசிரியர் எழுதிய 'கடைசிப் பாடம்'. 1873இல் வெளிவந்த 'திங்கட்கிழமைக் கதைகள்' என்ற தொகுதியின் முதல் கதை. 1870-71இல் நடந்த யுத்தத்தில் பிரான்ஸ் தேசம் பிரஷ்யாவிடம் தோற்றது; அல்ஸாஸ் மாகாணமும் லொரேனில் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. கதை அல்ஸாஸில் ஒரு கிராமத்தில் நடக்கிறது. பிரான்ட்ஸ் என்ற சிறுவன் எச்ச வினைகளைப் பற்றிய இலக்கண விதிகளைப் படிக்காமல், தாமதமாகவும் பள்ளிக்கூடம் போகிறான். உபாத்தியாயர் ஹாமெல் அவனை அடிக்கவில்லை. அவர் விசேஷ நாட்களில் மட்டும் அணியும் பச்சைக் கோட்டுப் போட்டிருக்கிறார். பின்பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெர்லினிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நாளை முதல் ஜெர்மன் மட்டுமே பாடம். புது உபாத்தியாயர் வருகிறார். பிரெஞ்சுக்கு இன்றுதான் கடைசி நாள். பையனைப் பாடம் ஒப்புவிக்கச் சொல்கிறார்கள், அவனுக்கு வரவில்லை. ஹாமெல் கோபித்துக்கொள்ளாமல், எல்லோர் மேலும் இருக்கும் தப்பை எடுத்துச் சொல்கிறார். பிள்ளைகளை வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பிய பெற்றோர் தப்பு, தம் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன, மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று லீவு விட்ட தம்முடைய தப்பு. பகல் பன்னிரண்டு மணி அடிக்கிறது. அவருக்குப் பேச்சு எழவில்லை. பலகையில் தம் தேசம் வாழ்க என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, போகலாம் என்று கையால் ஜாடை காட்டுகிறார்.

படித்தவர்கள் மறக்க முடியாத கதை. தோதே கை தேர்ந்த கதாசிரியர் என்பதற்கு இதில் ஒவ்வொரு பக்கமும் அத்தாட்சி. ஹௌஸர் என்ற கிழவர் ஓரம் நைந்துபோன பழைய அரிச்சுவடியைக் கொண்டுவந்து மடியில் விரித்துக்கொண்டு, சின்னக் குழந்தைகளோடு சேர்ந்து நடுங்குகிற குரலில் எழுத்துக்கூட்டுகிறார். கூரையில் புறாக்கள் மெல்ல முனகுகின்றன. அவற்றையும் ஜெர்மனில் பாடச் சொல்வார்களோ என்று பையன் நினைக்கிறான். வேறொரு ஆசிரியராக இருந்தால் நான்கு பக்கம் பிரசங்கம் செய்திருப்பார். தோதே ஒரு புறாவோடு விட்டுவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. அத்தனை நாளும் மண்டையில் ஏறாத இலக்கணம் அன்றைக்குப் பையனுக்குச் சுலபமாகப் புரிந்துவிடுகிறது. அவன் அவ்வளவு கவனமாக ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் அவ்வளவு பொறுமையாக ஒருநாளும் சொன்னதில்லை. பாஷை கற்பதைப் பற்றி எந்தக் கல்வி நிபுணரும் இதைவிட அதிகமாகச் சொல்லிவிடவில்லை.

ஆனால் இரண்டாவது தடவை படிக்கும்போது ஒரு சந்தேகம் வருகிறது. இந்தப் பையனுக்கு ஏன் பிரான்ட்ஸ் என்று பெயர்? அது ஜெர்மன் பெயர். ஹௌஸர், கொல்லன் வாஹ்டர் எல்லாமே ஜெர்மன் பெயர்கள்தாம். அல்ஸாஸ் கிராமங்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் வீட்டில் பேசியது ஜெர்மன் பாஷையைச் சேர்ந்த ஒரு பேச்சுவழக்கு. பிரெஞ்சு அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை, கச்சேரிப் பாஷை, பட்டணத்துப் பெரிய மனிதர்களின் பாஷை. அப்படியானால் ஹாமெல் நாற்பது வருஷமாக அந்த வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தார்? நாளை வரப்போகிற ஜெர்மன் உபாத்தியாயர் பிரெஞ்சுக்கு என்ன செய்யப்போகிறாரோ, கிட்டத்தட்ட அதையே அந்தக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சுக்கு அவர் செய்துகொண்டிருந்தார். பையனின் தாயார் அவனை எந்தச் சொல்லால் சாப்பிடக் கூப்பிடுவாள் என்பதைக் கதை சொல்லவே இல்லை. தாய்மொழிப் பற்றுக்கு உதாரணமாக உலகமெல்லாம் எடுத்துக்காட்டுகிற கதையில் தாயின் மொழியைக் காணோம்.

இதைவிடச் சுவாரசியமான சங்கதி ஒன்று உண்டு. ஒரு ஜனசமூகம் அடிமைப்பட்டாலும் தன் பாஷையை விடாமல் வைத்திருக்கும் வரையில் சிறைச் சாவி அதன் கையிலேயே இருக்கிறது என்ற கருத்தை ஹாமெல் சொல்கிறார். கதையிலேயே பிரசித்தமான கருத்து இதுதான். இது தோதேயின் சொந்தச் சரக்கு அல்ல. அவருடைய சிநேகிதரும் கவியுமான மிஸ்த்ராலின் கருத்து. புஸ்தகத்தில் அடிக்குறிப்பாக அவர் பெயரையும் தோதே கொடுத்திருக்கிறார். மிஸ்த்ரால் எந்தப் பாஷையைப் பற்றி அப்படிச் சொன்னார்? பிரெஞ்சைப் பற்றி அல்ல. தென் பிரான்ஸில் பேசப்படும் புரொவான்ஸால் என்ற பாஷையைப் பற்றி. அந்தப் பாஷைக்காகவே வாழ்ந்து, அதிலேயே காவியம் எழுதி, 1904இல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றவர் அவர். அந்தப் பாஷையை நசுக்கியது யார் என்றால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். தெற்கிலும், மேற்கே பிரெத்தான் பேசும் பகுதியிலும், வீட்டுப் பாஷையில் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் மரச்செருப்பையோ வேறு ஏதாவது அடையாளத்தையோ மாட்டிவிடுவார்கள். அடுத்து எவன் அப்படிப் பேசுகிறானோ அவனைக் காட்டிக் கொடுத்தால்தான் அது கழுத்தை விட்டு இறங்கும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு எதிராகச் செய்த சாவியைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூட உபாத்தியாயர் கையிலேயே தோதே கொடுத்துவிட்டார்! அவரும் தெற்கத்திக்காரர், நீம் நகரத்தில் பிறந்தவர், மிஸ்த்ராலை நேரில் கொண்டாடி எழுதியவர். விஷயம் தெரியாமல் செய்தார் என்று சொல்வதற்கில்லை. தோற்றுப்போன தேசத்தின் துக்கம் அவர் கண்ணை மறைத்தது.

சரித்திரம் இந்தக் கதையைப் பிற்பாடு பலமுறை எழுதிப் பார்த்தது. 1918இல் ஜெர்மனி தோற்றது. அல்ஸாஸ் மறுபடியும் பிரான்ஸுக்கு வந்தது. இப்போது ஜெர்மன் உபாத்தியாயர் பெட்டியைக் கட்டினார். பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாத குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடந்தது. 1940இல் ஹிட்லரின் படை வந்தது. பிரெஞ்சு பேசுவதே குற்றமாயிற்று. 1945க்குப் பிறகு திரும்பவும் பிரெஞ்சு. எழுபத்தைந்து வருஷத்துக்குள் அதே ஊர்களில் நான்கு கடைசிப் பாடங்கள்! தோதே அவற்றில் ஒன்றைத்தான் எழுதினார். நான்கிலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தக் கிராமத்துப் பேச்சு ஒன்றுதான். இன்று அல்ஸாஸில் அதைச் சரளமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான வாழ்வு கிடைத்திருக்கிறது. மத்திய அரசின் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கென்று 2007இல் வெளியிட்ட ஆங்கிலப் பாடப் புஸ்தகத்தில் முதல் பாடமே இதுதான். தாய்மொழியை விட்டுவிடாதே என்ற உபதேசத்தை நம் பிள்ளைகள் இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் கேள்விக்குப் பதில் எழுதி, மார்க் வாங்கியிருக்கிறார்கள். இதற்காக யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வகுப்புகளில் எத்தனை உபாத்தியாயர்கள் ஒரு நிமிஷம் நிறுத்தி, "நீங்கள் இப்போது எந்தப் பாஷையில் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் தோதேயைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. அவர் வாய் ஒன்று சொல்ல, அவர் கண் வேறொன்றைப் பார்த்திருக்கிறது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடம் நடந்த ஊரில் ஒரு கிழவர் அரிச்சுவடியில் எழுத்துக்கூட்டுகிறார். ஊர்க்காரர்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் பாஷையை எழுதவும் படிக்கவும் தெரியவில்லை என்று ஹாமெலே ஒப்புக்கொள்கிறார். தேசபக்தர் மறைக்க நினைத்ததைக் கதாசிரியர் காட்டிக் கொடுத்துவிட்டார். நல்ல எழுத்தாளனிடம் நேரும் நல்ல விபத்து இது.

தோதே எழுதியது விடைபெறும் வகுப்பு. விடைபெறும்போது எதுவும் அழகாகத்தான் இருக்கும். முதல் நாள் வகுப்பை எழுதியவர்களிடம் போனால் வேறு உலகம் தெரிகிறது. வின்ஸ்டன் சர்ச்சில் 1930இல் தம் இளமைக் காலத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். அரசியலில் அவர் நமக்கு ஆகாதவர். ஆனால் 1953இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது இலக்கியத்துக்காக என்பதை அந்தப் புஸ்தகத்தைப் படித்தால் மறுக்க முடியாது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட அன்றே லத்தீன் இலக்கணத்தில் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து நெட்டுருப் போடச் சொல்கிறார்கள். மேஜை என்று பொருள்படும் சொல்லின் வேற்றுமை உருபுகள். குழந்தை ஒப்பித்துவிடுகிறது. பிறகு ஒரு சந்தேகம் கேட்கிறது: மேஜையே என்ற விளி வேற்றுமை எதற்கு? மேஜையைக் கூப்பிடுவதற்கு என்று பதில் வருகிறது. நான் மேஜையைக் கூப்பிடுவதே இல்லையே என்கிறது குழந்தை. அதிகப்பிரசங்கித்தனம் செய்தால் கடுமையான தண்டனை கிடைக்கும் என்கிறார் உபாத்தியாயர். அதோடு லத்தீன் கதவு அவருக்கு மூடிக்கொண்டது.

இது வெறும் ஹாஸ்யம் அல்ல. ஏழு வயதுக் குழந்தை, பாஷை என்பது யாரையாவது பார்த்துப் பேசுவது என்ற அடிப்படை ஞானத்தோடு வந்திருக்கிறது. அந்த ஞானத்தைத்தான் உபாத்தியாயர் அதிகப்பிரசங்கித்தனம் என்கிறார். பிற்பாடு ஹாரோ பள்ளிக்கூடத்தில், லத்தீன் வராத மக்குகளுக்கு இங்கிலீஷே போதும் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஸோமர்வெல் என்ற உபாத்தியாயர் கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை மைகளால் வாக்கியங்களைப் பிரித்துக் காட்டினார். சொந்தப் பாஷையின் எலும்புக்கூடு அப்போதுதான் சர்ச்சிலுக்குத் தெரிந்ததாம். மக்கு வகுப்பில் மற்றவர்களைவிட அதிகக் காலம் இருந்ததால் அதையே அதிகக் காலம் படித்தார். பிற்காலத்து எழுத்தாளர் அங்கேதான் உற்பத்தியானார்.

ரவீந்திரநாத் தாகூரின் பள்ளி நினைவுகளிலும் இரண்டு இடங்கள் உண்டு. நார்மல் ஸ்கூலில் வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன் பையன்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஓர் ஆங்கிலப் பாட்டைக் கோஷமாகப் பாட வேண்டும். பொருள் தெரியாது, ராகமும் புரியாது. வங்காளிக் குழந்தைகளின் வாயில் உருண்டு உருண்டு அந்தச் சொற்கள் எந்தப் பாஷையிலும் சேராத கூழாங்கற்களாகிவிட்டன. பெரியவரான பிறகு எவ்வளவோ யோசித்தும் அதில் ஒரு சிறு பகுதியின் மூலத்தைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. வகுப்பறையில் நூறு தொண்டைகள் வேலை செய்தன, ஒருவனும் பேசவில்லை.

இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. வீட்டுக்கு வந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த அகோர் பாபு வைத்தியக் கல்லூரி மாணாக்கர். கொட்டுகிற மழையில், தெருவெல்லாம் வெள்ளமாக இருக்கும்போது, இன்றைக்கு வரமாட்டார் என்று பையன்கள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்க, தெருமுனையில் அந்தப் பாழாய்ப்போன கறுப்புக் குடை தோன்றும். அவர் கெட்டவர் அல்ல. பாடத்தைச் சுவாரசியமாக்க வேண்டும் என்று ஒருநாள் ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே மனிதக் குரல்வளை! பேச்சு எப்படி உண்டாகிறது என்று அதை வைத்து விளக்கினார். சிறுவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. பேசுவது முழு மனிதன் என்றல்லவா அவன் நினைத்திருந்தான்! பேச்சை இப்படி ஒரு துண்டாக அறுத்து எடுத்துக் காட்ட முடியும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. சர்ச்சிலின் மேஜைக்கும் தாகூரின் குரல்வளைக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டு குழந்தைகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் மாணாக்கர்களாக உட்காரும் பாஷை வகுப்பை லியோ ராஸ்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஹைமன் கப்லான் என்ற கதாபாத்திரத்தை வைத்து 1937இல் அவர் வெளியிட்ட புஸ்தகத்தில், நியூயார்க்கில் பிழைக்க வந்த பல தேசத்துக்காரர்கள் இராப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்கிறார்கள். கப்லான் தம் பெயரைச் சிவப்பு எழுத்தில், நீல ஓரம் கட்டி, எழுத்துக்கு எழுத்து பச்சை நட்சத்திரம் வைத்துத்தான் எழுதுவார். தோற்றுப்போவதைக் குறிக்கும் வினைச்சொல்லின் மூன்று வடிவங்களைக் கேட்டால் மூன்றாவதாகத் திவாலைச் சொல்வார். இலக்கணப்படி பிழை, கடைவீதிப்படி அதில் என்ன பிழை? உபாத்தியாயர் பார்க்ஹில் திருத்த வாயெடுப்பார். அதற்குள், இந்த மனிதர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று தயங்குவார். அந்தத் தயக்கம்தான் புஸ்தகத்தின் உயிர். கப்லானைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர் தம் வாழ்க்கை முழுவதையும் வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பதால் அவரை மதிக்கவும் செய்கிறோம்.

காந்தியடிகளின் சுயசரிதையில் இன்னொரு மாதிரி. ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் சம்ஸ்கிருதம் கஷ்டமாக இருக்கிறது, உபாத்தியாயர் கண்டிப்பானவர். பக்கத்து வகுப்பில் பாரசீகம் சுலபம், மௌல்வி சாது என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். மோகன்தாஸ் ஒருநாள் பாரசீக வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறார். சம்ஸ்கிருத உபாத்தியாயர் மனம் நொந்துபோய் அவரைக் கூப்பிட்டனுப்புகிறார். ஒரு வைஷ்ணவத் தகப்பனாரின் பிள்ளை என்பதை ஞாபகப்படுத்துகிறார். கஷ்டம் இருந்தால் தம்மிடம் வரலாமே என்கிறார். அந்த அன்புக்குப் பையன் தலைவணங்கித் திரும்பிவிடுகிறார். பிற்காலத்தில் அந்த உபாத்தியாயரை நன்றியோடு நினைக்கிறார். உபாத்தியாயரின் வாதத்தில் மதமும் குலமும் கலந்திருக்கின்றன. அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்து வைத்திருந்தார். சர்ச்சிலின் உபாத்தியாயருக்குத் தெரிந்தது மேஜை மட்டும்.

நம் பாஷையில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதியவர்களுள் முதல் ஸ்தானம் மகாமகோபாத்தியாய சாமிநாதையருக்குத்தான். 1940 முதல் 1942இல் காலமாகும் வரையில் 'ஆனந்த விகட'னில் அவர் எழுதிய 'என் சரித்திர'த்தைத் தமிழ் இலக்கிய சரித்திரம் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் உண்டு. ஒரு பையன் பாஷை கற்ற கதை என்று நினைத்துப் படித்தால் அது இன்னும் நன்றாக இருக்கும். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறார். முதலில் மூத்த மாணாக்கர் ஒருவரிடம் பாடம் கேட்கும்படி ஏற்பாடு. பையனுக்கு அது போதவில்லை. கவிஞர் வாயாலேயே கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? பிள்ளையவர்கள் விடியற்காலையில் எழுந்து தோட்டத்து மரங்களில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று ஆவலோடு பார்ப்பதைக் கவனிக்கிறார். மறுநாள் அவருக்கும் முன்னால் எழுந்து, எந்தெந்தக் கிளையில் தளிர் வந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுகிறார். ஆசிரியரின் முகம் மலர்கிறது. சில நாள் இப்படி நடந்த பிறகு, தாங்களே பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார், கிடைக்கிறது. அப்புறம் மடை திறந்த மாதிரிதான், பிரபந்தம் பிரபந்தமாக.

தமிழில் பாஷை வகுப்பைப் பற்றி எழுதியதில் இதற்கு மேல் ஓர் இடம் நான் படித்ததில்லை. பலகை இல்லை, பெஞ்சு இல்லை; தோட்டத்து ஈரத்தில் வகுப்பு நடக்கிறது. ஆசிரியரிடம் பாஷையைக் கேட்பதற்கு முன் மாணாக்கர் ஆசிரியரையே படித்துவிட்டார். ஆனாலும் சாமிநாதையர் இதைப் பொன்னுலகமாகக் காட்டிவிடவில்லை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார். தமிழ் கற்கிறவன் அதில் புத்தியைச் செலுத்துவது பிள்ளையவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் சங்கீதத்தை நிறுத்திவிட்டார். எத்தனை பெரிய ஆசிரியராக இருந்தாலும், பையன் கொண்டுவந்த ஏதோ ஒன்று வாசலில் நின்றுபோகிறது. குருபக்தி குறையாமலே இதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஹாமெலின் மாணாக்கன் எழுதாமல் விட்டது இதைத்தான்.

இப்போது நம் வகுப்பறைக்கு வரலாம். தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற குழந்தை வாயில் எந்தத் தமிழோடு வருகிறது? "அவங்க வந்தாங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறது. "அவர்கள் வந்தார்கள்" என்று பாடப் புஸ்தகம் சொல்கிறது. திருநெல்வேலிக் குழந்தை ஒரு தினுசு, கோயமுத்தூர்க் குழந்தை ஒரு தினுசு. சேரியிலிருந்து வரும் குழந்தையின் பேச்சு வேறு. அக்ரகாரத்திலிருந்து வரும் குழந்தையின் பேச்சு வேறு. "வீட்டில் அப்படிப் பேசு, ஏட்டில் இப்படி எழுது, இரண்டும் உன்னுடையதுதான்" என்று சொல்கிற உபாத்தியாயரும் இருக்கிறார். "அது கொச்சை, வாயைக் கழுவு" என்று சொல்கிறவரும் இருக்கிறார். இரண்டாமவரிடம் படித்த குழந்தை பரீட்சையில் தேறிவிடலாம். ஆனால் அதன் பாட்டியின் பேச்சைக் கேட்டு அது வெட்கப்படக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

தமிழ் வகுப்பில் இருக்கிற எல்லாக் குழந்தைகளும் தமிழைத்தான் கொண்டுவருகின்றன என்பதும் இல்லை. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் உண்டு. கரிசல் காட்டில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. நீலகிரியில் படகரும் தோடரும் இருளரும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்று, தமிழில் கதையும் கவிதையும் எழுதி, தமிழை வளர்த்தும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முதல் நாள் வகுப்பு எப்படி இருந்தது என்பதை நம் கதைகள் எவ்வளவு சொல்லியிருக்கின்றன? பாஷைப் பற்றைப் பற்றிக் கண்ணீர் வரும்படி எழுதிவிட நம்மில் பலருக்கும் முடியும். தோதேக்கு வந்த மயக்கம் நமக்கும் வரக்கூடியதே. நம் பாஷைக்கு ஒருவன் செய்த அநியாயம் உடனே கண்ணில் படுகிறது. நம் பாஷை தன் வகுப்பறைக்குள் மௌனமாக்கி வைத்திருப்பது கண்ணில் படுவதற்குச் சற்று நேரம் ஆகிறது. கதாசிரியனுடைய வேலை அந்தச் சற்று நேரம் காத்திருப்பதுதான்.

ஆகையால் தோதேயின் கதையைப் பாடப் புஸ்தகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் ஆயிரம் பேர் படிக்கட்டும். படித்துவிட்டு, அந்த மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு பிரான்ட்ஸ் வீட்டுக்குப் போயிருப்பானே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவன் தாயார் கேட்டிருப்பாள். அவனும் பதில் சொல்லியிருப்பான். பிரெஞ்சில் அல்ல.